ரிசல்ட் காட்டுவது எப்படி?

பதவி உயர்வு பெற்று, பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை நீளும் இந்தக் கரையோரத்தில் ஏதோ ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். கலந்தாய்வில் யாரும் எடுக்காமல் மிஞ்சிய இடம் என்று எவராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். காற்று நன்றாக இருக்கும், மீன் விடியற்காலையிலேயே கிடைக்கும். உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: பத்தாம் வகுப்பில் ரிசல்ட் காட்ட வேண்டும். விழுப்புரத்தில் நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் பாடவாரியாகச் சதவீதத்தை வாசிக்கும்போது எழுந்து நிற்க நேரக் கூடாது, அவ்வளவே.

கற்பிப்பது பற்றி இந்தக் கையேட்டில் ஒன்றும் கிடையாது. அதற்குத்தான் பி.எட். முடித்திருக்கிறீர்கள்.

முதலில் பின்னத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மேலே தேர்ச்சி பெற்றவர்கள், கீழே தேர்வு எழுதியவர்கள். ஐம்பது பேர் எழுதி நாற்பது பேர் தேறினால் 80 சதவீதம். தேற மாட்டார்கள் என்று தெரிந்த எட்டுப் பேர் எழுத வராமல் போனால், அதே நாற்பது பேரை வைத்துக்கொண்டு 95-ஐத் தாண்டிவிடலாம். மேல் எண்ணில் ஒன்றைக் கூட்ட ஓர் ஆசிரியர் ஆண்டு முழுக்கத் தொண்டை வறள வேண்டும். கீழ் எண்ணில் ஒன்றைக் குறைக்க ஒரு டி.சி. போதும். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை. நாளிதழ்களில் இரண்டு வாரம் அமர்க்களப்பட்டது. மே மாதம் முடிவு வந்தது: தேர்ச்சி 94.03 சதவீதம். வராதவர்கள் அந்தப் பின்னத்தில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

எனவே பத்தாம் வகுப்பின் ரிசல்ட்டை ஒன்பதாம் வகுப்பிலேயே தயார் செய்துவிட வேண்டும். எட்டு வரைக்கும் தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்த முடியாது. ஒன்பதில் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினால் அடுத்த ஆண்டும் நம் தலையில்தான் விடியும். ஆகவே ஜூன் மாதம் அப்படிப்பட்ட பிள்ளையின் அம்மாவை அழைத்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, கனிவாகப் பேசுங்கள்.

“புள்ள ரொம்ப சிரமப்படுறாம்மா. டுடோரியல்ல சேத்து பிரைவேட்டா எழுத வச்சா ஈசியா பாஸ் பண்ணிடுவான்.”

“இங்கியே எழுதட்டும் சார். அவங்கப்பா எங்கூட கடலுக்கு வாடான்னு இப்பவே இட்னு போறாரு. ஸ்கூலு பேரு இருந்தாத்தான் நான் தடுக்க முடியும்.”

இந்த இடத்தில் மனம் இளகும். இளகட்டும், கையெழுத்து மட்டும் வாங்கிவிடுங்கள். பிறகு மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் அவன் பெயரைக் ‘காமன் பூல்’ பகுதிக்கு அனுப்பிவிட்டால், வேறு பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்ளும் வரை எந்தத் தலைமை ஆசிரியருக்கும் அவன் பொறுப்பில்லை. சேர்த்துக்கொள்ள யாரும் வராவிட்டாலும் பொறுப்பில்லை. மார்ச், மரக்காணம் பக்கம் உப்பு வாரும் பருவம். அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்ற குறை வராது.

மிஞ்சியவர்களுக்கு மினிமம் மெட்டீரியல். இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இதில் ஒரு கலை இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. பெரும்பாலும் புத்தகத்தில் பாடத்தின் பின்னால் இருப்பவை, விடைகளை வரிசையாக ஒப்பித்துவிடலாம். வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8. ஆக 30. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இன்னும் ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழக்கிவிட்டால், கணக்கு என்றால் என்ன என்றே அறியாத பிள்ளை கணக்கில் தேறிவிடும். அறிவியலில் இன்னும் சுலபம்: எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 போதும், செய்முறை 25 பள்ளியிலேயே நடக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு கடிதம், எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற மாதிரி.

காலை எட்டரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஆறு வரை ஸ்டடி, நடுவில் அதே முப்பது மதிப்பெண். விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் நூலகப் பீரியடை அறிவியலுக்கும் கொடுத்துவிடுங்கள். ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் அரையாண்டுக்குப் பிறகு ஆசிரியர் போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை. அவர்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து எழுத்துக்கூட்டத் தெரியாமல் பத்துக்கு வருவார்கள். அவர்களுக்கும் இதே மெட்டீரியல் உதவும்.

ஐம்பது மதிப்பெண்ணுக்குத் தகுதியுள்ள பிள்ளை இந்தக் கூட்டத்தில் 36-க்குப் பழகிவிடுமே என்று இளம் ஆசிரியை ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. ஆய்வுக் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி.

இயற்கை ஒத்துழைக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. பாதிக்கப்பட்ட பகுதிகளில் அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். பொதுத்தேர்வு மார்ச் 28 என்று அக்டோபரிலேயே அறிவித்திருந்தார்கள், அது அசையவில்லை. நனைந்த நோட்டுக்கு மெட்டீரியலைத் திரும்ப ஜெராக்ஸ் எடுக்கும் செலவைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் எழுதலாம்.

ஓர் எச்சரிக்கை. மாலையில் நடைப்பயிற்சிக்குச் சாலையின் மேற்குப் பக்கம் போகாதீர்கள். அங்கே ஆரோவில். தேர்வையே மையமாக வைக்காத பள்ளிகள் அங்கே உண்டு. தெற்கே புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கல்வி மையம் பட்டமும் கொடுப்பதில்லை, சான்றிதழும் கொடுப்பதில்லை. அதற்கும் ஆசைப்பட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் வாழ வழியுள்ளவர்களின் விஷயம் அது. நம் பிள்ளைக்கு அந்த ஒரு தாளை விட்டால் வேறு கதி இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: விடைத்தாளின் முகப்பைப் பிரித்துவிட்டுத்தான் திருத்துகிறார்கள். குப்பத்துப் பெண்ணா, மருத்துவர் மகளா என்று திருத்துபவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடங்கள் அந்தப் பெண்ணுக்கு அதிகம் இல்லை. தேர்வை நான் பகைக்கவில்லை. அந்த மேசை வரைக்கும் அவளைப் போகவிடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே திருப்பி அனுப்பும் பின்னத்தைப் பற்றித்தான் இவ்வளவும்.

இந்தக் கலை நம் கண்டுபிடிப்பு என்று மார்தட்டவும் வேண்டாம். 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ, பிள்ளைகள் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் என்று ஒரு விதி கொண்டுவந்தார். பாடப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிசகாமல் ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அந்தக் காலத்தவை. அதே ஏற்பாடு ‘ரிசல்ட் கிராண்ட்’ என்று சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. இங்கிலாந்து முப்பது சொச்சம் ஆண்டுகளில் அதைக் கைவிட்டது. நாம் பணத்தை எடுத்துவிட்டு மெமோவை வைத்துக்கொண்டோம்.

நீட்டுக்கு வழி கேட்காதீர்கள். அதற்கு வேறு கையேடு, விலையும் வேறு. எழுதியவரே திரும்ப எழுதி இடம் பிடிப்பது பெருகியதை, நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த ஏ.கே.ராஜன் குழு 2021-லேயே எழுதிவிட்டது. இரண்டாம் முறைக்குக் காசு கட்ட இங்கே ஆளில்லை.

நூறு சதவீதம் சாத்தியமா என்ற ஐயம் வேண்டாம். 2020-இலும் 2021-இலும் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு மொத்தமும் தேறியது. கொரோனாவால் அந்த ஆண்டுகளில் பொதுத்தேர்வு நடக்கவில்லை.

முடிவு வெளியாகும் நாளில் காலையிலேயே ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிடுங்கள், மதியத்துக்கு மேல் கோட்டக்குப்பத்தில் கூட்டம் அதிகம். உங்கள் படம் வலப்பக்கம், மாவட்ட அலுவலர் படம் இடப்பக்கம், நடுவில் சதவீதம். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதைப் போட இடம் இருக்காது. அச்சடிப்பவர் கேட்டால், எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.