கொத்துக் கடைக்கு மேல்மாடியில் நித்திரை கொள்வது எப்படி?

இந்தக் கையேடு சொந்த வீட்டுக்காரருக்கு எழுதப்படவில்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் பிடிக்காவிட்டால் அவர் மதிலை இரண்டடி உயர்த்துவார், இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய செட் ஒன்றை வாங்கி எதிர்ப்பாட்டுப் போடுவார். வாடகைக்கு இருப்பவரோ சுவரில் ஓர் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியவர். அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் ஆறு மாத அட்வான்ஸ். அதையும் சாவி வாங்கிய அன்றே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். ஆகவே மாத்தளை டவுனில், கீழே கடை மேலே குடித்தனம் என்று கட்டிய மாடிகளில் காலம் தள்ளுவோர் நலன் கருதி இதை எழுதுகிறேன். உக்குவளை, ரத்தோட்டை, தம்புள்ளைக்காரர்கள் தேவையான மாற்றங்களோடு பயன்படுத்தலாம்.

வீடு தேடும்போது தரகர் சொல்லும் முதல் வசனம், "அமைதியான இடம்." அவர் பொய் சொல்லவில்லை. காலை பத்தரைக்கு உங்களை அழைத்துப்போவார். அந்த நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெரியவர்கள் வேலையில், பக்கத்து வீட்டு நாய் நித்திரையில். கொத்துக் கடைக்காரர் கதவைப் பாதி இழுத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். வெங்காயம் உரிப்பதில் சத்தம் ஏது? இரவு எட்டு மணிக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், தரகருக்கு அன்றைக்கென்று ஏதாவது கலியாண வீடு இருக்கும். இந்த மாவட்டத்தில் உண்மையிலேயே அமைதியான இடம் பிடித்தவர்கள், கி.மு. முதலாம் நூற்றாண்டில் அலுவிகாரைக் குகைகளில் இருந்து திரிபிடகத்தை ஓலையில் எழுதிய பிக்குமார்தான். அவர்களுக்குத் தரகர் இல்லை, அட்வான்ஸ் இல்லை. இன்று அந்த வாசலுக்கு முன்னால் ஏ9 வீதியில் யாழ்ப்பாண பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறது.

குடிவந்த முதல் வாரத்தில் சத்தங்களைத் தரம் பிரியுங்கள். விடியற்காலை விகாரையிலிருந்து பிரித், பள்ளிவாசலிலிருந்து பாங்கு, கோயிலிலிருந்து மணி. ஊரே இவற்றைக் கேட்டுத்தான் எழும்புகிறது, இவை முறைப்பாட்டுக்கு வராது. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது எழும் தவிலும் நாதஸ்வரமும் அப்படியே. வெசாக் தன்சலில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து லவுட்ஸ்பீக்கரைக் குறை சொல்வது நன்றிகெட்ட வேலை. பாண் ஓட்டோவும் விலக்கு. 1810இல் பீத்தோவன் எழுதிய 'எலிசுக்காக' என்ற பியானோ இசையைத்தான் இலங்கை முழுக்கப் பாண்காரர்கள் வாசலில் கொண்டுவந்து ஒலிக்கவிடுகிறார்கள். எழுதிய காலத்திலேயே பீத்தோவனுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. பாண்காரர் வைக்கும் வொலியூமைக் கேட்டால் ஏன் என்று விளங்கும்.

மிச்சம் இருப்பவைதான் நம்முடைய பகுதி: தண்ணி வரும் நடுச்சாமத்தில் ஓடும் மோட்டார், மேல்தட்டுப் பையனின் சப்வூஃபர், நாய், கொத்து. மோட்டாரைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது, தண்ணிக்கு நேரகாலம் தெரியாது. சப்வூஃபர் பையனிடம் போய்ப் பாட்டு நன்றாக இருக்கிறது என்று மனதாரப் பாராட்டுங்கள். பெரியவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் எந்தப் பையனும் அந்தப் பாட்டைத் தொடர்ந்து போடமாட்டான். அடுத்த பாட்டுக்கு நான் பொறுப்பில்லை.

நாய் விஷயத்தில் கவனம் தேவை. நாய்க்கு வரி போட்டால்தான் சரிவரும் என்று ஆத்திரத்தில் சொல்லிவிடாதீர்கள், முக்கியமாக இந்த மாவட்டத்தில். டொரிங்டன் தேசாதிபதி 1848இல் அதைத்தான் செய்தார். துப்பாக்கிக்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்கும் வரி. அந்த ஜூலையில் மாத்தளை எழுந்தது. தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு ராஜாவாக முடிசூட்டினார்கள். கிளர்ச்சித் தலைவர் வீர புரன் அப்பு ஓகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். நாய் மட்டும் இன்றுவரை வரி கட்டவில்லை, அந்தத் தெம்பில்தான் இரவிரவாகக் குரைக்கிறது.

இனிக் கொத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொழுது சாயும்போது தொடங்கும். காய்ந்த இரும்புத் தட்டில் ரொட்டி, முட்டை, மரக்கறி, குழம்பு எல்லாம் விழ, கையடக்கமான இரண்டு தகடுகள் மாறிமாறி இறங்கும். ரொட்டியைக் கொத்தத் தேவையான அடிகளைவிட அதில் எப்போதும் அதிகம் இருக்கும், மிச்சமெல்லாம் விளம்பரம். லைட் போட்ட பெயர்ப்பலகைக்குக் காசு கட்ட வேண்டும், தகடு தட்டக் காசில்லை. வீதிக் கோடியில் பஸ்ஸால் இறங்குபவரின் காதில் விழுந்தால்தான் வியாபாரம். இந்தப் பொருளாதாரம் விளங்காமல் கீழே இறங்கிப்போய், "நானா, கொஞ்சம் மெதுவாக் கொத்த ஏலாதா?" என்று கேட்காதீர்கள். "மெதுவாக் கொத்தினா அது புட்டு, தம்பி" என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் நீங்கள்தான் பழக வேண்டும். முட்டைக் கொத்துக்கு ஒரு தாளம், சீஸ் கொத்துக்கு இழுத்த தாளம், கடைசியில் ஒரு தீர்மானம். நோர்மல், ஃபுல் இரண்டையும் நீளத்தில் பிரித்தறியலாம். நாளடைவில் படுத்த படுக்கையிலேயே கடையின் அன்றைய வருமானம் உங்களுக்குத் தெரியவரும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம்கூட இல்லாத திறமை இது, வெளியே சொல்ல வேண்டாம். இன்னொன்று: நீங்கள் முகம் சுளித்த செய்தி கீழே போனால், மறுநாள் ஒரு கோழிக் கொத்துப் பார்சல், குழம்பு வேறாகக் கட்டி, காசில்லாமல் மேலே வரும். வாங்காதீர்கள். வாங்கிச் சாப்பிட்ட நிமிடமே வழக்கில் நீங்கள் பிரதிவாதி தரப்புக்கு மாறிவிடுகிறீர்கள். ஆனால் அந்த வாசனை படியேறி வந்த பிறகு வாங்காமல் இருந்த வாடகைக்காரர் எவரையும் எனக்குத் தெரியாது.

பார்சலுக்கும் மசியாத நெஞ்சுரம் உள்ளவர்கள் சட்டம் பார்க்கலாம். சட்டம் நன்றாகவே இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, மாத்தளை போன்ற மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதி என்றால் இன்னும் குறைவு, 55, 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீற்றர் அமைதி வலயம். பக்கத்தில் கட்டடம் கட்டுபவருக்கு மட்டும் பகலில் 75 வரை தாராளம். இதில் அழகு என்னவென்றால், இந்த விதிகளுக்கு இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்குகிறது. அதாவது முதல் ரொட்டி தட்டில் விழும் நேரமும் சட்டத்தின் இரவு பிறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. 50 டெசிபல் என்பது இரண்டு பேர் அடக்கமாகக் கதைக்கும் சத்தம். கொத்துத் தட்டு அடக்கமாகக் கதைத்ததாக வரலாறு இல்லை. ஆனால் அளப்பது சராசரி. நாய் இடையில் மூச்சு வாங்கும் நேரமும் கொத்துக்காரர் மிச்சக் காசு எண்ணும் நேரமும் உங்கள் அமைதிக் கணக்கில் வரவாகும். போன் செயலியில் அளந்து கொண்டுபோய்க் காட்டினால் எதிரே இருக்கும் அதிகாரி, போன் புதிதா என்று விசாரிப்பார்.

சட்டத்துக்கு முன்னால் வீட்டுக்காரரிடம் போவது மரியாதை. "ஐயா, கீழ சத்தம் தாங்க முடியல." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "தம்பி, அவர் இங்க இருபது வருஷமா இருக்கார். நீங்க வந்து மூணு மாசம்." இந்தக் கணக்கில் பிழை இல்லை. சொல்லாமல் விட்ட கணக்கு வேறு: கீழ்த்தளத்துக் கடை வாடகை உங்கள் மேல்மாடி வாடகையைப் போல இரண்டு மூன்று மடங்கு. எந்த மாடியின் நித்திரை முக்கியம் என்பதை டெசிபல் தீர்மானிப்பதில்லை. நான் இதுவரை கண்ட எல்லா அயல் சத்தச் சண்டைகளும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. சொந்தக்காரரும் சொந்தக்காரரும் மோதினால் அது தகராறு. வாடகைக்காரர் மோதினால், "அப்ப வேற வீடு பாருங்களேன்."

அடுத்தது ஜீ.எஸ். ஐயா. கிராம உத்தியோகத்தர் அன்போடு கேட்கும் முதல் கேள்வி, உங்கள் பெயர் இந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறதா என்பது. இருக்காது. வாடகைக்காரரின் பெயர் தம் விலாசத்தில் வாக்காளர் இடாப்பில் ஏறுவதை வீட்டுக்காரர் பலர் விரும்புவதில்லை, பிறகு எழும்பமாட்டார்களாம். ஆகவே அலுவலகக் கணக்கில் அந்த மேல்மாடியில் நீங்கள் இல்லை. இல்லாத ஆளுக்கு எப்படி நித்திரை கெடும்?

பொலிஸுக்கு முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதைச் சிங்களத்தில் சொல்லி விளங்கவைக்கும் வேலையையும் பெரும்பாலும் நீங்களே செய்ய வேண்டும். அவசரத்துக்கு 119. ஜீப் வரும், தகடு நிற்கும். ஜீப்பில் வந்தவர்களுக்கும் பசிக்கும். மேலே எழுத வேண்டியது இல்லை.

பிறகு மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. வக்கீல் வேண்டாம், செலவில்லை, சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் ஏதாவது பள்ளிக்கூடத்தில் கூடும். உண்மையைச் சொன்னால் இந்தப் பட்டியலில் ஓரளவு பயன் உள்ள இடம் இதுதான். ஐந்தாம் வகுப்புக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது இரு தரப்புக்கும் கோபம் பாதி இறங்கிவிடுகிறது. மூன்று மத்தியஸ்தர்களும் சம்பளமில்லாமல் வந்திருக்கிறார்கள், பதினொரு மணிக்கு மேல் தகடு வேண்டாம் என்ற அளவுக்காவது கொண்டுவந்து விடுவார்கள்.

அதற்கும் மேலே நீதவான் நீதிமன்றம். 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லையை நீக்கக் கட்டளை பெறலாம். ஆனால் தொல்லை பொதுவானதாக இருக்க வேண்டும். ஒரு மேல்மாடி பொதுமக்கள் ஆகாது. ஆகவே தெருவில் கையெழுத்துச் சேர்க்கப் போவீர்கள். தெருவே இரவுச் சாப்பாட்டை அங்கேதான் எடுக்கிறது. வழக்கே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெலிகமப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2007 நவம்பர் 9ஆம் திகதி, இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை, விசேஷ நாட்களுக்கு மட்டும் விலக்கு என்ற கட்டளை வந்தது. நாடு முழுவதற்கும் எல்லா மதத்துக்கும் அது பொருந்தியது. நல்ல தீர்ப்பு. ஆனால் கொத்துத் தகட்டுக்கு வயரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்களுக்கு இந்தக் கையேடு தேவைப்படாது என்று சிலர் நினைக்கலாம். பழைய லயங்களில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், பல இடங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்துக் காம்பராக் குறட்டையும் இருமலும் புருஷன் பெண்டாட்டிச் சண்டையும் உங்கள் வீட்டுக்குள் வந்துதான் போகும். ஆனாலும் அங்கே ஒரு வசதி இருந்தது. சத்தம் போடுபவரும் கேட்பவரும் ஒரே அளவு காம்பராவில், ஒரே அளவு உரிமையில்லாமல் இருந்தார்கள். "அண்ணே, புள்ள தூங்குது" என்று தட்டிச் சொல்லலாம், தட்டியவரை வீட்டை விட்டு எழும்பச் சொல்ல அவரால் முடியாது. டவுன் வாடகை வீட்டில் சுவர் தடிப்பாக இருக்கிறது, தட்டத்தான் பயமாக இருக்கிறது.

தகரக் கூரைமேல் விடியற்காலையில் குதிப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். குரங்கு விஷயத்தில் அரசாங்கம் நம் பக்கம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி முதல் எட்டு ஐந்துவரை, நாடு முழுக்க அவரவர் தோட்டத்துக்கு வந்த குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணச் சொன்னார்கள். ஐந்து நிமிடம். அயல் சத்தத்தைப் பற்றி இந்த நாடு ஒரே நேரத்தில் இவ்வளவு பேரைக் காதைத் தீட்டி நிற்கவைத்தது அதற்கு முன் இல்லை. வாடகைக்காரரும் எண்ணலாம், வீட்டுக்காரரின் சம்மதம் தேவைப்படவில்லை.

இனி வேடிக்கையை விட்டு ஒரு வேலை. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஆணிக்கு ஒரு பந்தி இருக்கும், தண்ணி பில்லுக்கு ஒரு பந்தி, சுவர் பெயின்டுக்கு ஒன்றரைப் பந்தி. சத்தத்துக்கு ஒரு வரியும் இருக்காது. அடுத்த தடவை கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கீழ்த்தளத்திலோ பக்கத்திலோ வீட்டுக்காரருக்குச் சொந்தமான இடத்திலிருந்து இரவில் தொல்லை வந்தால், ஒரு மாத முன்னறிவித்தலோடு வெளியேறலாம், மீதி அட்வான்ஸ் முழுதாகத் திரும்பி வர வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்காரர் மறுத்தால் அட்வான்ஸைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.