கருநாக்கும் பிஸ்மத்தும்

கேள்வி: வயிற்றுப்புண்ணுக்கு பிஸ்மத் மாத்திரை சாப்பிடும் மாமனாருக்கு நாக்கு கறுத்துவிட்டது. இனி அவர் சொன்னதெல்லாம் பலிக்குமா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: பலிக்காது, பக்கவிளைவுப் பட்டியலில் அது இல்லை. வாயிலும் குடலிலும் உள்ள கந்தகத்தோடு பிஸ்மத் சேர்ந்தால் கறுப்பு நிற பிஸ்மத் சல்பைடு உண்டாகும். நாக்கும் மலமும் கறுப்பது அதனால்தான். மருந்தை முடித்ததும் மறைந்துவிடும்.

பிஸ்மத் சப்சிட்ரேட் புண்ணின்மேல் படலமாகப் படியும்; ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியையும் தாக்கும். வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்ற நம்பிக்கை திருச்சி மலைக்கோட்டை மாதிரி அசையாமல் இருந்தது. 1982-இல் மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டி அதை அசைத்தார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமியை ஒழிக்க பிஸ்மத்தோடு டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலம் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்து 10 முதல் 14 நாள் வரை தருவது வழக்கம்.

மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. 1970-களில் பிரான்சில் பிஸ்மத் உப்புகளை நெடுநாள் சாப்பிட்ட பலருக்கு மூளை பாதித்து, குழப்பமும் தள்ளாட்டமும் வந்தன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. சப்சாலிசிலேட் வகை ஆஸ்பிரினுக்குச் சொந்தம். வைரஸ் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குத் தரவே கூடாது.

மலம் தார்போலப் பிசுபிசுத்தால், அல்லது தலைசுற்றலும் சேர்ந்தால், மாத்திரைமேல் பழி போடாமல் மாமனாரை உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அது ரத்தக் கசிவாக இருக்கலாம்.