பாதியில் திரும்பிய படகு: ஒரு குழுவியல் ஆய்வு

கருதுகோள்

கடலுக்குப் போன குழுவைப் பாதி வழியில் திருப்புவது காற்று என்பது பாமர நம்பிக்கை. காற்றுக்கு வீசத்தான் தெரியும். "திரும்பிடலாம்" என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதே இவ்வாய்வின் வினா. களம்: ஜூலை மாதச் சனிக்கிழமைப் பிற்பகல், சென்னைக் கடல், வாடகைப் பாய்மரப் படகு ஒன்று. ஆய்வுப் பொருள்கள்: ஒரே அடுக்ககத்தைச் சேர்ந்த பெரியவர்கள் எட்டுப் பேர், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு தூக்கு எலுமிச்சைச் சாதம்.

முன்னோர் ஆய்வும் அதன் குறைபாடும்

1805 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் காற்றை 0 முதல் 12 வரை படிநிலைகளாக வகுத்தார். அவர் காற்றின் வேகத்தை அளக்கவில்லை. அந்தக் காற்றில் ஒரு போர்க்கப்பல் எத்தனை பாய்களை விரிக்க முடியும் என்று பார்த்தார். எந்தப் பாயும் தாங்காவிட்டால் அது 12. 1838இல் பிரிட்டிஷ் கடற்படை இதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. பாயைக் கவனித்தவர் பாய்க்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களைக் கவனிக்காமல் விட்டார். அக்குறையைக் களையும் திருத்திய அளவுகோல் வருமாறு:

நிலை 2 (மணிக்கு 6–11 கி.மீ.): சிற்றலை. லைஃப் ஜாக்கெட் போட்டால் போட்டோவில் புதுச்சட்டை தெரியாது என்பதால் ஒருவரும் கொக்கியை மாட்டுவதில்லை.

நிலை 3 (12–19 கி.மீ.): அலை முகடுகள் அங்கங்கே உடைகின்றன. பாட்டுக்குப் பாட்டு சூடுபிடிக்கிறது. அடுக்ககச் சங்கச் செயலாளர் சுக்கானைக் கேட்டு வாங்கி, பிடித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்.

நிலை 4 (20–28 கி.மீ.): எங்கும் வெண்நுரை. படகு ஒருபக்கம் சாய்கிறது. 'ம'வில் தொடங்கும் பாட்டு ஒன்றுகூட எட்டுப் பேருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சுக்கான் உரியவரிடம் திரும்புகிறது.

நிலை 5 (29–38 கி.மீ.): டக், டக் என்று கொக்கிகள் மாட்டப்படும் ஓசை. விடாமல் வீடியோ எடுத்தவருக்கு முதல் வாந்தி. உலகம் அசையவில்லை என்கிறது திரையையே பார்த்த கண். அசைகிறது என்கிறது உட்காது. வழக்கை வயிறு முடித்துவைக்கிறது.

நிலை 6 (39–49 கி.மீ.): குலதெய்வம். வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்ற இயற்பியல் விதி அறியாதவர்களும் இந்நிலையில் வேண்டுதலை நான்கு மடங்காக்குவது கவனிக்கத்தக்கது.

திசை

குழுவில் எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கிருந்துதான் வரும் என்பது நகரவாசியின் கணக்கு. தென்மேற்குப் பருவ மாதங்களில் சென்னைக்கு மழை முதுகுப்பக்கமாக வரும். பகல் வெயிலில் உள்மாவட்டங்களில் திரளும் இடிமேகம் மாலையில் கடற்கரையை நோக்கி நகரும்; மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று ஒன்று தரையோடு பாய்ந்து வரும். மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர் படகுக்காரர் ஒருவரே. "சார், அண்ணாநகர் பக்கம் இருட்டிக்கினு வருது" என்றார். கடலில் இருப்பவருக்கு அண்ணாநகர் எதற்கு என்று குழு அதைப் பொருட்படுத்தவில்லை.

குறுக்கப்பட்ட பயணத்தின் நீளம்

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. ஏறத்தாழ 45 பாகை ஒதுங்கி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். மேற்கிலிருந்து காற்று, மேற்கே கரை. எனவே 2 கிலோமீட்டரில் இருக்கும் கரைக்குச் சுமார் 2.8 கிலோமீட்டர் ஓட வேண்டும். பயணத்தைச் சுருக்க முடிவெடுத்த கணத்திலேயே பயணம் நீண்டுவிடுகிறது. இந்த முரணைப் படகுக்காரர் பாயை இறக்கி, டீசல் எஞ்சினைக் கிளப்பித் தீர்த்தார். "எஞ்சின் இருக்கா? அப்புறம் எதுக்குப் பாய்மரம்னு தனி ரேட்டு?" என்று பொருளாளர் கேட்டார். அந்நிலையிலும் அவருக்கு அது தோன்றியது பதவியின் இயல்பு.

யார் சொன்னது?

கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மனத்தில் ஒன்றிருக்க, மற்றவர்களுக்காக எல்லோரும் வேறொன்றுக்குத் தலையாட்டுவதை ஜெர்ரி ஹார்வி 1974இல் 'அபிலீன் முரண்' என்று விளக்கினார். நம் களத்தில் பதிவான உரையாடல்:

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு எப்படின்னு பாருங்க."

"எனக்கென்ன சார், நான் ராமேஸ்வரத்துலயே போட்ல போனவன். மேடம்தான்..."

"நான் எங்க சொன்னேன்? பாப்பா பயப்படுதேன்னு பார்த்தேன்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: குழந்தையை முன்னிட்டுத் திரும்புவது. அப்போது பாப்பா படகின் முன்முனையில் அம்மாவின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு, ஒவ்வொரு அலை தெறிக்கும்போதும் "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தாள். படகில் பயப்படாத ஒரே பயணி அவள்தான்.

முடிவுகள்

ஒன்று: தீர்மானம் நிறைவேறியபோது துறைமுகச் சுவர் கண்ணெதிரே இருந்தது. அண்ணாநகர் இருண்டபோதே படகுக்காரர் திருப்பிவிட்டிருந்தார். கடலில் முடிவெடுப்பவர் ஒருவர். குழு கூடுவது அதற்கு ஒப்புதல் அளிக்க.

இரண்டு: எலுமிச்சைச் சாதம் கார் நிறுத்துமிடத்தில், மழையில் நனையாமல் டிக்கிக் கதவின் கீழ், பத்து நிமிடத்தில் தீர்ந்தது. பயணத்தில் திட்டமிட்டபடி நடந்த நிகழ்ச்சி இது மட்டுமே.

மூன்று: நம் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 11 வரை உண்டு. 10 வரை ஆபத்தின் படிகள். 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். முழு வாடகையையும் கொடுத்துத் தீர்த்த பொருளாளர், தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஞாயிறு காலை வாட்ஸ்அப் குழுவில் பதிந்தார். நீல டிக்குகூட விழவில்லை. அங்கே 11ஆம் எண் கூண்டு ஏறியிருக்கிறது. இக்கட்டுரை அச்சுக்குப் போகும் வரை இறக்கப்படவில்லை.