கையெழுத்து மேலே

அமெரிக்க மேலாண்மைப் பள்ளிப் பேராசிரியர்களைக் குறை சொல்லாதீர்கள். உலகத்துக்கே உண்மை பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை உச்சியில் போட்டால் போதும், பொய் குறைந்துவிடும். 2012இல் பெரிய ஆய்விதழில் இப்படியொரு கட்டுரை வந்தது. பத்திரிகைகள் விழுந்து விழுந்து எழுதின. பாவம் அரிச்சந்திரன், இது தெரியாமல் சுடுகாடு வரை போனான்.

சான்றுக்கா பஞ்சம்? கார் காப்பீடு எடுத்த 13,000க்கும் மேற்பட்டவர்கள் ஓட்டியதாகப் படிவத்தில் எழுதித்தந்த மைல் கணக்கே இருந்தது. 2021இல் சில கொள்ளிக்கண்ணர்கள் அந்த எக்செல் கோப்பைத் திறந்தார்கள். ஒரே நெடுவரிசையில் பாதி எண்கள் காலிப்ரி எழுத்துருவில், மீதி காம்ப்ரியாவில். இரண்டாயிரம் மைல் ஓட்டியவர்கள் எத்தனை பேரோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் நாற்பதாயிரமும் ஓட்டியிருந்தார்கள். ஐம்பதாயிரத்தை எட்டியதும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வண்டியை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு கட்டுப்பாடான ஜனங்கள்! இதைப் போய்ப் புனைவு என்கிறார்கள். ஆய்விதழும் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

புனைந்தவர் யாரென்று கேட்டால், எழுதிய ஐவரில் எவரும் ‘நான்’ என்று சொல்லவில்லை. இத்தனைக்கும் கட்டுரையில் ஐவர் பெயரும் உச்சியில்தான் இருந்தது.