பூநாரைக்கு வந்த மவுசு

கனடாவிலிருந்து மகள் அனுப்பிய ஒரு வீடியோதான் எல்லாத்துக்கும் மூலம். 2001இல் அவுஸ்திரேலியாவின் பிலிப் தீவுப் பக்கம் கடலில் எண்ணெய் கசிந்து 438 சின்னப் பென்குவின்கள் அதில் அகப்பட்டன. இறகில் அப்பிய எண்ணெயை அலகால் கோதி விழுங்கினால் அதுகளுக்கு நஞ்சு. கழுவி எடுக்கும் வரைக்கும் கோதவிடாமல் தடுக்கத்தான் அதுகளுக்குப் பின்னிப் போட்ட கம்பளிச் சட்டை. பிடித்துப் பராமரித்ததில் 96 வீதமானவை குணமாகிக் கடலுக்குத் திரும்பின.

மனுசி அன்றைக்கே பின்னல் ஊசி எடுத்துவிட்டாள். பங்குனி வெயில். வேப்பமரத்தடியில் வெறும் மேலோடு விசிறிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "இஞ்சாருங்கோ, கையை நீட்டுங்கோ" என்றாள். தேத்தண்ணியாக்கும் என்று இரண்டு கையையும் நீட்டினேன். நூல்வளையம் வந்து விழுந்தது. கந்தோரில் ஊரையே காக்கவைத்த கைகள் அவை.

"யாழ்ப்பாணத்திலை ஏதப்பா பென்குவின்?"

"கடல்நீரேரியிலை பூநாரை நிக்குதுதானே."

"அந்தக் காலுக்கு ஆர் காற்சட்டை பின்னுறது?"

"பூநாரைக்கில்லை, உங்களுக்கு. நெஞ்சிலை பூநாரை."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அசாமில் ஹர்கிலா என்ற பெருநாரையை அபசகுனம் என்று சொல்லி, கூடு கட்டிய மரத்தையே வெட்டி விழுத்தினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற பெண்மணி ஊர்ப் பெண்களைச் சேர்த்து அந்தப் பறவையைச் சேலையிலும் துண்டிலும் நெய்விக்க, அதுவே அவர்களுக்கு வருமானமும் பெருமையும் ஆயிற்று. அந்தப் பெண்களின் 'ஹர்கிலா படை'யில் இன்று பத்தாயிரம் பெண்களுக்கு மேல். 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அவருக்குப் 'பூமியின் சாம்பியன்' விருது கொடுத்தது. உடுத்துகிற பறவையின் கூட்டைக் கலைக்க யாருக்குத்தான் மனம் வரும்? எங்கட ஆக்களும் நெஞ்சில் பூநாரையோடு போய் நீரேரிக் கரையில் குப்பைப் பையை வீசக் கொஞ்சம் கூச்சப்படுவினம்.

பிலிப் தீவில் சட்டைகள் குவிந்துபோக, மிச்சத்தைப் பொம்மைப் பென்குவின்களுக்கு மாட்டி விற்று அந்தக் காசையும் பறவைகளுக்கே செலவிட்டார்களாம். எங்கள் வீட்டில் அந்தப் பொம்மை நான்.

இளஞ்சிவப்புச் சட்டை. பூநாரையின் கழுத்து என் தொந்தியைச் சுற்றி வளைந்து, அலகு சரியாகத் தொப்புளில் இறால் தேடியது. படம் எடுக்க வாசலில் நின்றபோது சைக்கிளில் போன பக்கத்து வீட்டுத் தம்பி பிரேக் பிடித்தான்.

"என்னண்ணை, காய்ச்சலோ?"

படம் கனடாவுக்குப் போயிற்று. இரண்டாம் நாளே ஸ்காபரோவிலிருந்து முதல் ஓடர். ஒரேயொரு நிபந்தனை: அந்த ஐயாவின் அளவில் பின்ன வேண்டாமாம்.