சூப்பர் குளூ மகராசனுக்கு

வாடா பேராண்டி. டவுனுக்குப் போயி சூப்பர் குளூ வாங்கியாந்து, ஒடஞ்ச பீங்கான் டீப்பாட்ட ஒட்டி வச்சிருக்கியாமே! பாத்தேன். மூக்கு கோணிக்கிட்டு நிக்குது, மூடி மூட மாட்டேங்குது. மத்தபடி அருமையான வேல.

ஏண்டா, அந்தா டம்பதென்னயில லிப்டன் தொர 1890ல கட்டுன தேயில பேக்டரி நிக்குதே, அதுலயே கொழுந்து வாட ஒரு ராத்திரி விடுறாங்க. வாடாத கொழுந்த ரோலர்ல போட்டா தூள் உருப்படுமா? லயத்துல பொறந்தவன் நீ, ஒடஞ்ச பீங்கானுக்கு மட்டும் ஒரு நிமிசம் குடுக்கலியே!

சரி, கேளு. ஒடஞ்சதும் மொத வேல ஒட்டுறதில்ல, பொறுக்குறது. அரிசிமணி அளவு சில்லக்கூட விடக்கூடாது. பொருந்துதான்னு ஒண்ணோட ஒண்ண வச்சுத் தேய்க்காத. வெளிம்பு தேஞ்சா ஆண்டவனே வந்தாலும் பொருந்தாது. பசையே இல்லாம டேப்பு போட்டு முழுசா அடுக்கிப் பாரு. எதுக்கு அடுத்தது எதுன்னு நம்பர் போட்டுக்க. வரிச தப்புச்சோ, கடைசித் துண்டு உள்ள போகாம வெளிய நின்னு சிரிக்கும். உங்கிட்ட மூணு துண்டு மிச்சமாமே?

வெக்கப்படாத. லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல போர்ட்லண்ட் ஜாடின்னு ஒண்ணு இருக்கு, ரோமாபுரிக் காலத்துக் கண்ணாடி. 1845ல ஒரு குடிகாரன் அத 200 துண்டுக்கு மேல ஒடச்சுப்புட்டான். டபுள்டேன்னு ஒரு கைகாரர் அந்த வருசமே ஒட்டினார். ஒட்டி முடிச்சும் 37 சில்லு மிச்சம்! உனக்கு மூணுதான், அவரவிடக் கெட்டிக்காரன் நீ.

ஆனா அதோட கத முடியல. 1948ல அதப் பிரிச்சு மறுபடி ஒட்டினாங்க. அந்தப் பசையும் மஞ்சளாகி வலுவிழக்க, 1988ல நைஜல் வில்லியம்ஸ் திரும்பவும் பிரிச்சு எப்பாக்சியில ஒட்டினார். பிரிக்க முடிஞ்சதாலதான் ஜாடி பொழச்சுது. பின்னால வர்றவன் பிரிக்கிற மாதிரி ஒட்டுறவன்தான்டா கைகாரன்.

அதனால மியூசியத்துக்காரங்க மண்பாண்டத்துக்குப் பாரலாய்டு பி-72ன்னு ஒரு பிசின் வச்சிருக்காங்க. அசிட்டோன்ல கரையும், தப்பா ஒட்டுனா கழட்டிக்கலாம். பீங்கானுக்கு, நூலாட்டம் விரிசல்ல இறங்குற மெல்லிய எப்பாக்சி. கண்ணாடிக்கோ, வெளிச்சத்தக் கண்ணாடி மாதிரியே வளைக்கிற எப்பாக்சி; அப்பதான் கோடு தெரியாது. உன் சூப்பர் குளூ துண்டத் திருப்பி வைக்கவே நேரம் குடுக்காது. நல்ல வேள, அதுவும் அசிட்டோன்ல விடும். பூவேலையில படாம, ஜன்னலத் தொறந்து வச்சுக் கழட்டு. அசிட்டோன அடுப்புப் பக்கம் கொண்டு போயிராத, கப்புனு பிடிச்சுக்கும்.

போன்ல பாத்தேன்னு ஜப்பான்காரன் கதைய எடுக்காத. அவன் அரக்குல ஒட்டி மேல தங்கப்பொடி தூவுறான், வாஸ்தவம். அந்த அரக்கு இறுக ஈரக்காத்து வேணும். அப்புத்தளை மூட்டத்துல அதுக்கு என்ன பஞ்சம்? ஆனா வாரக்கணக்கா காத்துக் கெடக்கணுமே, அந்தப் பொறும எந்தக் கடையில விக்குது?

ஒட்டுன டீப்பாட்டுல தேத்தண்ணி ஊத்திராத. கொதி தண்ணி பட்டா ஒட்டு எளகும், பசையும் வயித்துக்கு ஆகாது. அலமாரியில வச்சு அழகு பாரு.

கடைசியா ஒண்ணு. மியூசியத்துல ஒட்டுறவங்க மொதல்லயும் முடிவுலயும் போட்டோ எடுத்து, எந்தப் பசை, எந்த எடத்துல நிரப்புனதுன்னு எல்லாத்தையும் எழுதி வைப்பாங்க. ஒளிவுமறைவே கெடையாது. நீயும் ஒரு கடுதாசியில எழுது: எப்ப ஒடஞ்சுது, யாரு ஒடச்சா, எதால ஒட்டுன. எழுதி உங்க அப்பாயி கண்ணுல படுற மாதிரி வை. பூனை தட்டிருச்சுன்னு மட்டும் எழுதிராத. பூனை டவுனுக்குப் போயி பசை வாங்காதுன்னு அவளுக்குத் தெரியும்.