கூகுள்ல மொதல்ல வருதுங்களா?

தன் கம்பெனி பேரைத் தானே கூகுளில் தேடிப் பார்க்கிறவரை உங்களுக்குத் தெரியும். பெரியநாயக்கன்பாளையத்தில் ஷெட்டுக்கு ஒருவர் இருக்கிறார். நான் சொல்கிறவர் மோனோபிளாக், ஓப்பன்வெல் என்று தண்ணீர் மோட்டார்கள் போடுகிறவர். நான் வெப்சைட் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து விடியக்காலையில் அவருக்கு இதுதான் வேலை. காபி ஆறினாலும் சரி, பேப்பர் வாசலிலேயே கிடந்தாலும் சரி, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பெனி பேரை முழுசாக, பின்கோடோடு சொல்வார். மேலே அவர் பேரே வரும். வராமல் எங்கே போகும்? குலதெய்வத்தின் பேரையும் பேத்தி பேரையும் சேர்த்து வைத்த கம்பெனி. அந்தப் பேரில் மோட்டார் போடுகிறவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

"தம்பி, இன்னைக்கும் நாமதான் மொதல்லீங்" என்று எனக்கு போன் வரும்.

தன் போனை மட்டும் நம்பிவிடுகிற ஆளும் இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டு டீ மாஸ்டர் போன், சலூன்காரர் போன், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் போன் என்று எல்லாவற்றிலும் சோதனை நடந்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுவதற்கு முன்னாலேயே "மாப்ள, உன்ற போனச் சித்தக் குடு" என்று ஆரம்பித்துவிடுவார். ஒறம்பரை எல்லாம் பழகிவிட்டார்கள்; அவர் தலை தெரிந்ததும் போனின் பூட்டைத் திறந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில் சகலைதான் காரியத்தைக் கெடுத்தார். விவரமான மனுசன், கம்பெனி பேரை விட்டுவிட்டு 'ஓப்பன்வெல் மோட்டார் 3 எச்.பி. விலை' என்று தேடிவிட்டார். யார் யாரோ வந்தார்கள், நம்மவரைக் காணோம். பாயசத்தைத் தொடாமல் பந்தியிலிருந்து எழுந்து வந்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, தேடுறவங்க நிக்கிற ஊருக்குப் பக்கத்துல இருக்கிற கடையைத்தான் கூகுள் முன்னாடி காட்டும். அதுவுமில்லாம, வாங்க வர்றவங்களுக்கு உங்க பேரே தெரியாதுங்கண்ணா. சாமான் பேரைத்தான் தேடுவாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "இங்கிருந்து பொள்ளாச்சிக்குத் தெனமும் பார்சல் லாரி போகுதுன்னு கூகுளுக்கு ஒரு வார்த்தை சொல்லீரு கண்ணு."

கூகுளுக்குச் சொல்ல முடியாது, வேண்டுமானால் விளம்பரம் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். விளம்பரம் ஓட ஆரம்பித்ததும் அதை அமுக்கிப் பார்த்தார், வேலை செய்கிறதா என்று. ஒவ்வொரு அமுக்குக்கும் அவர் காசுதான் போகும் என்று சொல்லியிருந்தேன். "நம்ம காசு, நாமதானே பாக்கோணும்?" என்றார். மருமகன் அமுக்கினார், கணக்குப்பிள்ளை அமுக்கினார், வைண்டிங் பிள்ளைகள் டீ நேரத்தில் அமுக்கினார்கள். இந்த மாதிரி வெட்டி அமுக்கல்களைக் கூகுள் கண்டுபிடித்துக் கழிக்கும்தான், ஆனால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது. அன்றைய பட்ஜெட் காலை டீயோடு தீர்ந்தது. மத்தியானம் நிஜமாகவே மோட்டார் தேடிய விவசாயிக்குப் பக்கத்து ஷெட்காரர் விளம்பரம் போய்ச் சேர்ந்தது.

விவரமில்லாதவர் என்று இவரைத் தள்ளிவிடவும் முடியாது. நாட்டின் முதல் மின்மோட்டார் 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்தது என்று பெருமை பேசுகிற மண் இது. 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற பேரில் தொடங்கிய கம்பெனி ஊருக்குள்ளேயே இருக்கிறது. வித்யாலயா பாலிடெக்னிக்கில் படித்து, ஜாப் ஒர்க்கில் ஆரம்பித்து, சொந்த மோட்டாருக்கு வந்தவர் நம்மவர். பேரிங் போயிருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவர் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துச் சொல்லிவிடுவார். அதே ஆள், 2018 ஜூலையில் குரோம் அவர் சைட் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பானதல்ல' என்று எழுதிக் காட்ட ஆரம்பித்ததும், பக்கத்து ஷெட்காரர் ஏதோ செய்துவிட்டார் என்று முடிவுகட்டி ஆபீஸ் வாசலில் பூசணிக்காய் உடைத்தார். இலவசமாகக் கிடைக்கிற ஒரு சான்றிதழைப் போட்டதும் அந்த எழுத்து போய்விட்டது. பூசணிக்காய்க்குத்தான் பேர்.

டொமைன் கதையை நீட்டினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். அவருடைய அக்கா மகன் காலேஜ் படிக்கும்போது அவன் பேரில், அவன் மெயிலில் வாங்கியது. அவன் இப்போது பெங்களூரில். பாஸ்வேர்டு அவனுக்கே மறந்துவிட்டது. வருசா வருசம் புதுப்பிக்காவிட்டால் கொஞ்ச நாள் தவணை கொடுத்துவிட்டு வேறு யாருக்கு வேண்டுமானாலும் விற்றுவிடுவார்கள் என்றால், "ஒருக்கா காசு குடுத்து வாங்குனதுக்கு எதுக்குங் மறுக்கா?" என்கிறார். நிலத்துக்கு வரி கட்டுகிறவர் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் என் வயிற்றெரிச்சல் அதுவும் இல்லை. சைட்டில் விசாரணைப் படிவம் வைத்திருக்கிறேன். எழுதினால் கம்பெனி மெயிலுக்குப் போகும். அந்த மெயிலை யாரும் திறப்பதில்லை. சைட்டில் போட்ட செல் நம்பர் மருமகனுடையது. அவர் தெரியாத நம்பரை எடுக்கமாட்டார். சைட்டில் விலை போடச் சொன்னால், நம்மவர் பதில்: "பக்கத்து ஷெட்காரன் நூறு ரூவா கொறச்சுக் குடுத்துருவான்." முதல் இடத்துக்கு இத்தனை பாடுபடுகிறவர், வாசலில் வந்து நிற்கிறவரிடம் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொன்னால் மூன்றாவது இடத்திலிருந்தே மோட்டார் விற்கும். என் பாக்கிப் பணமும் வரும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவர் எதிரிலேயே மெயிலைத் திறந்தேன். தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர், தன் கிணற்றுக்கு எத்தனை எச்.பி. போடலாம், விலை என்ன என்று கேட்டு நம்பரும் கொடுத்திருந்தார். போன ஆடியில் வந்தது. இவருக்கு முகம் செத்துவிட்டது. உடனே போன் போட்டார். அந்த விவசாயி வேறொரு கம்பெனி மோட்டாரை எப்போதோ இறக்கிவிட்டார். "அதுவும் நேத்திருந்து உம்முனு சத்தம் போடுதுங், தண்ணி எடுக்கமாட்டேங்குது."

"சிங்கிள் பேஸ்தானுங்? மோட்டாரைத் தூக்கிப்போடாதீங். மேல பெட்டியில கப்பாசிட்டர் இருக்கும், அது போயிருக்கும். மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீசியனைக் கூட்டியாந்து மாத்துங். அப்பறமும் சுத்தலீனா எனக்குக் கூப்பிடுங்." சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது என்று தாராபுரத்திலிருந்து போன் வந்தது. அடுத்த மோட்டார் உங்ககிட்டத்தான் என்றும் சொன்னாராம். இன்னொரு கம்பெனி மோட்டாரை இவர் உட்கார்ந்த இடத்திலிருந்து, ஒரு பைசா வாங்காமல் ஓட விட்டிருக்கிறார்.

"அண்ணா, இப்பச் சொன்னீங்கள்ல, இதை அப்படியே சைட்டுல எழுதிப் போடலாம். ராத்திரி மோட்டார் நின்னா சனங்க இதைத்தான் தேடுவாங்க."

"இது யாருக்குங் தெரியாது?" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். "அது கெடக்கட்டும். மொதப் பக்கத்துல பேத்தி போட்டோவை மாத்திரு தம்பி. பழனிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்துட்டோம்."